எங்க ஆத்துக்கு ஒரு குளிர்காலம் இருக்கு

நேத்து ராத்திரி ஒரு மணி இருக்கும், தூக்கம் கலஞ்சு எழுந்துட்டேன், எதனாலன்னு மொதல்ல புரியல, அப்புறம்தான் தெரிஞ்சுது வெளிய சத்தம் மாறியிருக்குன்னு. கோடை முழுக்க கேக்குற அந்த கனமான இரைச்சல் இல்ல. யாரோ ஈர அரிசிய முறத்துல போட்டு மெதுவா புடைக்கிற மாதிரி ஷ்ஷ்ஷ், ஷ்ஷ்ஷ்னு ஒரே சீரா வந்துட்டே இருக்கு. கோட்ட மாட்டிட்டு டார்ச்ச எடுத்துட்டு கரைக்குப் போய் பாத்தேன், ஆமா, பனிக்கூழ் இறங்க ஆரம்பிச்சிடுச்சு. தண்ணிக்குள்ளயே பொடிப்பொடியா உறைஞ்சு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, தோசை தோசையா வட்டமா மிதந்து வருது, ஒவ்வொண்ணோட ஓரமும் இன்னொண்ணுல உரசுற சத்தம்தான் அது. அக்டோபர் பாதியில வருஷா வருஷம் கேக்குறதுதான், ஆனா மொத ராத்திரி கேக்கும்போது இப்பவும் எனக்கு தொண்டை அடைக்குது. அதான் இன்னிக்கு இத எழுத உக்காந்தேன்.

புதுசா படிக்கிறவங்களுக்கு: நான் இருக்கிறது அலாஸ்காவுல, சுசிட்னா ஆத்தங்கரையில, டல்கீட்னாங்குற சின்ன ஊருக்கு வடக்க. எங்க வீட்டுக்கு ரோடு கிடையாது. கோடையில வாரத்துல சில நாள் ஹரிகேன் டர்ன்னு ஒரு ரயில் ஓடும், ஸ்டேஷன்லாம் ஒண்ணும் வேணாம், தண்டவாளத்து ஓரமா நின்னு வெள்ளைத் துணிய ஆட்டினா நிறுத்தி ஏத்திக்குவாங்க. குளிர்காலத்துல அந்த ரயில் மாசத்துக்கு ஒரு தடவதான். மத்த நாள்ல எங்களுக்கு ரோடுன்னா அது ஆறுதான். இந்த ஒரு வரிய மனசுல வச்சுக்கோங்க, மீதி எல்லாம் அத சுத்திதான்.

சுசிட்னா அலாஸ்கா மலைத்தொடர்ல இருக்கிற பனியாறுகள்ல இருந்து பொறந்து, 500 கிலோமீட்டர் சொச்சம் ஓடி, குக் இன்லெட்ங்குற வளைகுடாவுல கடல்ல சேருது. டல்கீட்னாகிட்ட சுலிட்னா, டல்கீட்னாங்குற ரெண்டு ஆறும் வந்து கலக்கும். பிரதான ஆத்துல இதுவரைக்கும் ஒரு அணை கூட இல்ல. நான் வளந்த ஊர்ல ஆத்துல தண்ணி வர்றதுன்னா தேதி குறிச்சு ஷட்டர் தொறந்து விடுறதுதான், பேப்பர்ல போடுவாங்க, நாங்க கரையில போய் நின்னு வேடிக்க பாப்போம், ஆறுன்னாலே அப்படித்தான்னு நெனச்சிட்டு இருந்தேன். 2012ல இங்க வந்த மொத வருஷம் எதிர்க்கரையில இருக்கிற பக்கத்து வீட்டுக்காரம்மாகிட்ட, ஆறு எப்ப உறையும், எப்ப உடையும்னு கேட்டேன். அது அதுக்குத் தோணும்போதுன்னாங்க. விளையாட்டுக்கு சொல்றாங்கன்னு நெனச்சேன், இல்ல, நெசமாவே யாருக்கும் தெரியாது. வடக்க நெனானாங்குற ஊர்ல டனானா ஆத்துப் பனி எந்த நாள் எந்த நிமிஷம் உடையும்னு 1917ல இருந்து வருஷா வருஷம் ஜனங்க டிக்கெட் வாங்கி பந்தயம் கட்டுறாங்க, நூறு வருஷத்துக்கு மேல ஆகியும் ஆறு யாருக்கும் பிடி கொடுக்கல.

சுசிட்னாவ பாக்க வர்றவங்க எல்லாரும் கோடையிலதான் வருவாங்க. அப்ப ஆறு சிமெண்ட் கரைச்ச மாதிரி சாம்பல் கலர்ல இருக்கும், பனியாறு பாறைய அரைச்ச மாவு அது, படகுல எஞ்சின அணைச்சிட்டு அமைதியா உக்காந்தா அந்த மாவு படகோட அடியில உரசுறது உஸ்ஸுன்னு கேக்கும். டெனாலி மலை தெரியும், சால்மன் ஏறும், கிங், ரெட், பிங்க், சம், சில்வர்னு அஞ்சு வகையும். போட்டோல்லாம் அப்ப எடுத்ததுதான். ஆத்த காப்பாத்தணும்னு போடுற போஸ்டர்லயும் கோடை ஆறுதான் இருக்கும். நான் அவங்கள குறை சொல்லல, நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனா அணை கட்டணும்ங்குற ஒரு திட்டத்தால இந்த ஆத்துக்கு வந்திருக்கிற ஆபத்து கோடையில இல்ல, அது இதோட குளிர்காலத்துக்கு வந்திருக்கிற ஆபத்து, அத இங்க வந்து நாலஞ்சு குளிர்காலம் இருந்த பிறகுதான் எனக்கே உறைச்சுது.

செப்டம்பர் கடைசியில பனியாறு உருகுறது நிக்கும். அப்ப ஆறு தெளியும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா அந்த சாம்பல் இறங்கி, பச்சையாகி, அப்புறம் ஒரு நாள் பாத்தா அடியில கிடக்குற கூழாங்கல்ல எண்ணலாம். அஞ்சு மாசம் எதையும் காட்டாத ஆறு திடீர்னு எல்லாத்தையும் காட்டும். தண்ணியும் குறையும், ரொம்பவே குறையும். எங்களுக்கு மேல கோல்டு க்ரீக்ல தண்ணி அளக்குறாங்க, கோடையில விநாடிக்கு 20,000 கன அடிக்கு மேல போறது பனிக்காலத்துல 2,000க்கும் கீழ வந்துடும். அப்புறம் பனிக்கூழ், அப்புறம் ஓரப்பனி, அப்புறம் மூடுறது. மூடுறது மேல இருந்து கீழ வர்றதில்ல, கடல் பக்கம் எங்கயாவது கூழ் மாட்டி அடைச்சுக்கும், அங்க இருந்து மேல் நோக்கி கட்டிக்கிட்டே வரும். இன்னிக்கு எந்த வளைவு வரைக்கும் வந்திருக்குன்னு ஆளாளுக்கு போன் பண்ணி சொல்லிக்குவோம், வீட்டுக்கு வர்ற விருந்தாளி எந்த ஸ்டாப்ல வந்துட்டு இருக்காங்கன்னு கேக்குற மாதிரி.

மூடின பிறகு ஒரு ஓய்வு வரும் பாருங்க. மைனஸ் 30 டிகிரியில, டிசம்பர்ல அஞ்சு மணி நேரம் வெளிச்சத்துல, அந்த ஆறு படுத்துத் தூங்குற மாதிரி இருக்கும், ஆனா காது வச்சுக் கேட்டா அடியில ஓடுறது கேக்கும்.

அப்பதான் எங்க ரோடு தொறக்கும். பனி மேல ஓடுற ஸ்நோமெஷின் வண்டியில போவோம், வழி தெரியறதுக்கு சின்னச் சின்ன ஸ்ப்ரூஸ் கன்றுகள வெட்டி பனியில நட்டு வச்சிருப்பாங்க, யார் நட்டதுன்னு கேக்க மாட்டோம், விழுந்து கிடந்தா போறவங்க நிறுத்தி தூக்கி வச்சிட்டுப் போவாங்க. அரிசி பருப்பு, ஜெனரேட்டருக்கு பெட்ரோல், தபால், பல் வலின்னா டாக்டர்கிட்ட போறது, எதிர்க்கரையில இருக்கிறவங்க வீட்டு சாப்பாட்டுக்குப் போறது, எல்லாம் ஆத்து மேலதான். மார்ச்ல ஐடிடராட் நாய்ச்சறுக்கு வண்டிப் பந்தயம் நடக்கும்ல, அவங்களும் வில்லோல இருந்து கெளம்பின மொத நாள் சுசிட்னா, யெண்ட்னா ரெண்டு ஆத்தோட பனி மேலதான் போறாங்க. சாலை போடாத நாட்டுல காலங்காலமா மனுஷங்க நடந்த வழி அது.

எனக்கு பனி மேல நடக்க சொல்லிக் குடுத்தது அந்த பக்கத்து வீட்டுக்காரம்மாதான், எழுபது தாண்டினவங்க, இங்க நாப்பது வருஷத்துக்கு மேல இருக்காங்க. கையில ஒரு இரும்புக்கம்பி வச்சுக்கிட்டு முன்னால தட்டித் தட்டி போவாங்க, சத்தம் கெட்டியா வந்தா கால வை, பொத்துன்னு வந்தா அப்படியே திரும்பி வந்த தடத்துலயே போன்னு சொல்லுவாங்க. ரெண்டாவது குளிர்காலத்துல நான் அவங்க பேச்சக் கேக்காம தனியா கிளம்பி ஓவர்ஃப்ளோல மாட்டினேன். ஓவர்ஃப்ளோன்னா, அடியில இருக்கிற தண்ணிக்கு அழுத்தம் தாங்காம பனிக்கட்டிய பிளந்து மேல வந்து, மேல கிடக்குற பொடிப்பனிக்கு அடியில தேங்கி நிக்கும், பாத்தா வெறும் பனி மாதிரிதான் தெரியும். மெஷின் முழங்கால் ஆழத்துக்கு இறங்கிடுச்சு, பூட்ஸுக்குள்ள தண்ணி, வீடு ரெண்டு மைல் தள்ளி. ஓடியே வந்து சேந்தேன். அன்னிக்கு அந்தம்மா என் கால ரெண்டையும் அவங்க மடியில வச்சு தேச்சு விட்டுக்கிட்டே சொன்னது, தண்ணி ஏறினா பனி உடையும்மா, அவ்ளோதான் கணக்கு, வேற ஒண்ணும் இல்ல. அந்த கணக்குதான் இந்த அணை விஷயத்துலயும்.

அணைக்கு பேரு சுசிட்னா வட்டானா. யோசனை பழசு, 1980கள்ல ரெண்டு அணை கட்டுறதா திட்டம் போட்டு, நிறைய ஆய்வு பண்ணி, எண்ணெய் விலை விழுந்ததும் 1986ல கைவிட்டாங்க. அப்புறம் 2011ல மாநில அரசு சட்டம் போட்டு மறுபடி எழுப்புச்சு, இந்தத் தடவ ஒரே அணை, 700 அடிக்கு மேல உயரம், பின்னால 40 மைல் அளவுக்கு நீளமா தண்ணி தேங்கும், 600 மெகாவாட் சுமாருக்கு கரண்ட், செலவு 500 கோடி டாலருக்கு மேல. டல்கீட்னாவுல இருந்து ஆத்து வழியா ஏறக்குறைய 90 மைல் மேல. நான் வந்த புதுசுல கோடையில பொழுது விடிஞ்சா ஹெலிகாப்டர் சத்தம்தான், ஆய்வுக்காரங்க மேல கீழ பறந்துட்டே இருப்பாங்க, மூஸ் மான் எல்லாம் மிரண்டு ஓடும். 2014 கடைசியில மாநிலத்துல காசு இல்லாம நிறுத்தி வச்சாங்க, 2016ல வேலைய மூட்டை கட்டச் சொன்னாங்க. நிம்மதியா தூங்கினோம். ஆனா ரெண்டு தடவ எழுந்தது மூணாவது தடவ எழாதுன்னு யாரால சொல்ல முடியும், ஆய்வுத்தாள் எல்லாம் அலமாரியில பத்திரமா இருக்கு, இங்க கரண்டுக்கும் ஹீட்டருக்கும் எரிக்கிற குக் இன்லெட் கேஸ் குறைஞ்சிட்டு வருதுன்னு பேச்சு வரும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் அத எடுத்து தூசி தட்டுறாங்க.

எங்க சித்தி பையன், அவன் ஆங்கரேஜ்ல வேல பாக்குறான், போன வருஷம் இங்க வந்தப்ப கேட்டான், அக்கா, கேஸ் எரிக்கிறதுக்கு இது எவ்வளவோ தேவல இல்ல, புகை இல்ல, தண்ணி சும்மா ஓடிப் போறதுதானே, அதுவும் அணை வர்ற இடம் டெவில்ஸ் கேன்யன்ங்குற ஒடுங்கின பள்ளத்தாக்குக்கு மேல, அந்த வெள்ளத்துல மீனே ஏறாதுங்குறாங்களேன்னு. நல்ல கேள்விதான், கெட்ட எண்ணத்துல கேக்கல, நகரத்துல குளிர்காலத்துல கேஸ் நின்னா ஜனங்க விறைச்சுப் போவாங்கங்குற பயம் நெசமானது, அத நான் சின்னதா நெனைக்கல. மீன் விஷயத்துலயும் பாதி சரி, அந்த கேன்யன்ல கிங் சால்மன் மட்டும்தான் ஏறும், அதுவும் கொஞ்சம். ஆனா அணைக்கு மேல என்ன ஆகும்னு மட்டும் பாத்தா கதையே மாறிப்போயிடும்டா தம்பி, அணைக்குக் கீழ என்ன ஆகும்னு பாருன்னேன். ஒரு பேப்பர் எடுத்து ரெண்டு கோடு போட்டுக் காட்டினேன்.

ஒரு கோடு ஆத்துல வர்ற தண்ணி. கோடையில மேல, குளிர்காலத்துல கீழ. இன்னொரு கோடு ஜனங்களுக்கு வேணும்குற கரண்ட். குளிர்காலத்துல மேல, கோடையில கீழ. ரெண்டும் நேர் எதிர். அப்ப அணையோட வேலை என்ன, கோடைத் தண்ணிய பிடிச்சு வச்சு குளிர்காலத்துல விடுறது. அதாவது ஆத்தோட வருஷத்த அப்படியே தலைகீழா திருப்புறது. பனி மூடின ஆத்துல, தூங்கிட்டு இருக்கிற ஆத்துல, பல மடங்கு தண்ணிய விடுவாங்க, அதுவும் ஒரே அளவா இல்ல, காலையில எல்லாரும் எழுந்து ஹீட்டர் போடுறப்ப ஏத்தி, ராத்திரி இறக்கி. தண்ணி ஏறினா பனி உடையும். தேக்கத்து அடியில இருந்து வர்ற தண்ணி உறைநிலைக்கு கொஞ்சம் மேல இருக்கும், அதனால அணைக்குக் கீழ மைல் கணக்குல பனியே கட்டாது, கட்டுற இடத்துலயும் எப்ப கட்டும் எவ்வளவு தாங்கும்னு அந்தம்மாவோட இரும்புக்கம்பியாலயும் சொல்ல முடியாது. இன்னொண்ணும் இருக்கு. அந்த பாறை மாவுல ரொம்ப நைசா இருக்கிறது தேக்கத்துல அடியில இறங்காது, மிதந்துட்டே இருக்கும், அது குளிர்காலத்துல விடுற தண்ணியோட கலந்து வரும். அப்ப ஆறு தெளியவே தெளியாது. கூழாங்கல் எண்ணுற அந்த நாள் வராது.

அவன் ரொம்ப நேரம் அந்த பேப்பரயே பாத்துட்டு இருந்தான். சரின்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல.

மீனுக்கு வர்றேன். பெரிய ஆத்துக்கு ஓரமா பழைய கிளைவாய்க்கால் மாதிரி நிறைய இருக்கு, இங்க ஸ்லூன்னு சொல்லுவாங்க, மேல் முனை தரையோட மூடியிருக்கும், தண்ணி வரத்து நிலத்தடி ஊத்துல இருந்து. அந்த ஊத்துத் தண்ணி குளிர்காலத்துலயும் உறையாது. சம் சால்மனும் ரெட் சால்மனும் அங்க வந்துதான் கூழாங்கல்ல வால் அடிச்சு குழி பறிச்சு முட்டை போடும். ஜனவரியில நான் அங்க போய் நின்னா சுத்திலும் எல்லாம் விறைச்சுக் கிடக்க அந்த ஒரு இடத்துல மட்டும் லேசா ஆவி பறக்கும், அடியில ஆரஞ்சு முட்டை கல்லுக்கு நடுவுல உயிரோட இருக்கு. நான் கடவுள் நம்பிக்கை அதிகம் உள்ளவ இல்ல, ஆனா அங்க நின்னா கை கூப்பத் தோணும். குளிர்காலத்துல பெரிய ஆறு இறங்கியே இருக்கிறதாலதான் இது நடக்குது. ஆறு ஏறி அந்த மூடின முனைய தாண்டி உறைகுளிர் தண்ணி உள்ள வந்தா ஊத்தோட கதகதப்பு போச்சு, முட்டை பொரிக்கிற காலம் தப்பிடும், இல்ல செத்தே போகும். 1980கள் ஆய்வுலயே இந்த பயத்த எழுதி வச்சிருக்காங்க, யாரும் புதுசா கண்டுபிடிச்சு சொல்றதில்ல. கிங் சால்மன் ஏற்கனவே ரொம்ப குறைஞ்சு போய் சில வருஷமா பிடிக்கக் கூடாதுன்னு மூடி வைக்கிறாங்க, எங்க தெருவுல, தெருன்னு சொல்றேன் தண்டவாளத்தத்தான், யாரும் அதுக்கு முணுமுணுக்கல, மீன் திரும்பி வந்தா போதும்னு இருக்கோம்.

நிலநடுக்கத்தயும் சொல்லணும். 2002 நவம்பர் 3ல 7.9 அளவுல டெனாலி பிளவுல ஒரு பெரிய நடுக்கம் வந்துச்சு, அது ஆரம்பிச்சதே சுசிட்னா பனியாத்துக்கு அடியில இருக்கிற ஒரு பிளவுலதான், அதுவரைக்கும் அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது. அணைய பூகம்பம் தாங்குற மாதிரி கட்ட முடியும்னு எஞ்சினியருங்க சொல்லுவாங்க, முடியலாம், நான் எஞ்சினியர் இல்ல. எனக்கு அணைக்குக் கீழ குடியிருக்கிறவளோட கவலை.

அணை மட்டும் இல்ல. கீழ்ப்பக்கம் ஆத்த தாண்டி மேற்க ஏறத்தாழ 100 மைலுக்கு ஒரு ரோடு போடணும்னு திட்டம் வருஷக்கணக்கா ஓடிட்டு இருக்கு, யெண்ட்னா பக்கம் இருக்கிற சுரங்க நிலத்துக்கு. வழியில நூத்துக்கு மேல ஓடை குறுக்கிடும், நிறைய சால்மன் ஓடை. சும்மா ஜனங்க வேட்டைக்கும் மீனுக்கும் போய் வரலாம்னு ஒரு வாட்டி சொல்றாங்க, தாது லாரி போகணும்னு ஒரு வாட்டி சொல்றாங்க. ஆறு கடல்ல சேருற இடத்துலயோ, மே மாசம் ஹூலிகன்னு சின்ன எண்ணெய் மீன் கூட்டங்கூட்டமா ஏறும்போது அத தின்ன குக் இன்லெட்டோட வெள்ளை பெலூகா திமிங்கலங்க வரும். 2008லயே அழியற இனம்னு அறிவிச்சாங்க, 2022 கணக்குல ஏறக்குறைய 331தான். ஒரு கல்யாண மண்டபத்துல உக்கார வச்சு பந்தி போட்டா முடிஞ்சிடும், அவ்வளவுதான் இந்த குக் இன்லெட் கூட்டம். மேல இருந்து கடல் வரைக்கும் இது ஒரே உடம்பு, ஒரு இடத்துல குத்தினா இன்னொரு இடத்துல வலிக்குது.

இந்த மண்ணோட பூர்வகுடி டெனாய்னா மக்கள் மொழியில இந்த ஆறு சுசிட்னு, மணல் ஆறுன்னு அர்த்தம். அவங்க பேரு வச்சு எத்தன தலைமுறையோ. பொதுக்கூட்டம் நடக்குறப்ப டெனாய்னா பெரியவங்க எழுந்து பேசினத கேட்டிருக்கேன், குரல உயர்த்தல, எங்க எங்க மீன் காயப்போட்ட இடம், எந்தப் பக்கம் கேரிபூ மான் தாண்டும்னு இடத்த இடமா பேர் சொல்லிக்கிட்டே போனாங்க. ஆளுக்கு மூணு நிமிஷம் கொடுத்திருந்தாங்க. நேரம் முடிஞ்சுதுன்னு மணி அடிச்சப்பவும் பேர் முடியல. நானும் பேச எழுதி வச்சிருந்தேன், இங்க்லீஷ்ல நாலு தடவ படிச்சுப் பாத்து, ஆனா என் முறை வந்தப்ப என் மூணு நிமிஷத்தையும் அவங்களுக்கே குடுக்குறேன்னு சொல்லிட்டு உக்காந்துட்டேன். அப்படி குடுக்க விதி இல்லைன்னுட்டாங்க. அதுக்கு இப்பவும் மனசு ஆறல. பேசியிருக்கணும், பனி பத்தியாவது பேசியிருக்கணும், அன்னிக்கு பேசாததத்தான் இங்க எழுதிட்டு இருக்கேன்னு நெனைக்கிறேன்.

காலையில அம்மா போன் பண்ணாங்க, என்னடி கண்ணு பின்னால ஏதோ சத்தம், மழையான்னு. இல்லம்மா ஆறுன்னேன். ஃபோன கரை வரைக்கும் கொண்டு போய் தண்ணிகிட்ட நீட்டிப் பிடிச்சேன், ரெண்டு நிமிஷம் அவங்களும் பேசல நானும் பேசல. அப்புறம் அரிசி களையற மாதிரி இருக்குடின்னாங்க. எதிர்க்கரையில அந்தம்மா வீட்டுப் புகைபோக்கியில புகை வந்துட்டு இருந்துச்சு, வாசல்ல இரும்புக்கம்பிய எடுத்து சாத்தி வச்சிருக்காங்க, இங்க இருந்தே தெரிஞ்சுது. இன்னும் ஆறேழு வாரம் ஆகும் நான் அந்தப் பக்கம் போக. கைய ஆட்டினேன், அவங்களும் ஆட்டினாங்க.